வாசகர் கேள்வி-பதில்: மலையேறும் ஆசையைத் தொழிலாக்கிக்கொள்ள முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 27. காரைக்குடியில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் கணக்கராக வேலை பார்க்கிறேன். பள்ளி நாள்களிலிருந்தே மலை என்றால் எனக்கு உயிர். விடுமுறை கிடைத்தால் பிரான்மலை, இல்லாவிட்டால் சிறுமலை அல்லது அழகர்மலை என்று கிளம்பிவிடுவேன். வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' வழித்தடங்களுக்கும் நண்பர்களைத் திரட்டிக்கொண்டு போய்வந்திருக்கிறேன். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு பழநிக்கு நடப்பது எங்கள் வீட்டு வழக்கம். இப்போது இருக்கும் வேலையை விட்டுவிட்டு மலையேற்ற வழிகாட்டியாக விரும்புகிறேன். "காடு மேடு சுற்றுவதெல்லாம் ஒரு பிழைப்பா?" என்று அப்பா கேட்கிறார். இதற்கு என்ன படிக்க வேண்டும், எங்கே தொடங்க வேண்டும், இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: நடத்தலாம், ஆனால் முதல் சில ஆண்டுகளுக்கு இதை மட்டுமே நம்பி நடத்துவது கடினம். உங்கள் அப்பாவின் கவலை நியாயமானது என்பதால் அதைப் பற்றிப் பிறகு தனியாகச் சொல்கிறேன். அதற்கு முன்பு உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மலையேறுவது உங்களுக்குப் பிடிக்கும் என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. பிறரை மலையேற்றிப் பத்திரமாக இறக்கிக்கொண்டு வருவது உங்களுக்குப் பிடிக்குமா? இரண்டும் வெவ்வேறு வேலைகள். சிறப்பாக ஏறக்கூடியவர்கள் இந்த இரண்டாவது வேலையில் ஒரு பருவம்கூட நிலைக்காமல் திரும்பிவிடுவதையும், சுமாராக ஏறக்கூடியவர்கள் அதில் நல்ல பெயர் வாங்குவதையும் தொடர்ந்து பார்த்துவருகிறேன்.

பிரான்மலையையே எடுத்துக்கொள்வோம். பாரியின் பறம்பு மலை என்று நம் பகுதியில் போற்றப்படும் அந்த மலையில், அடிவாரத்துக் கொடுங்குன்றநாதர் கோயிலைத் தாண்டி உச்சியிலுள்ள தர்கா வரை நீங்கள் தனியாக ஏறும்போது, உங்கள் மூச்சையும் உங்கள் காலையும் உங்கள் தண்ணீரையும் பார்த்துக்கொண்டால் போதும். அதே மலைக்கு 12 பேரை அழைத்துச் செல்லும் நாளில் உங்கள் வேலை அடிவாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஒருவர் அன்றுதான் பெட்டியிலிருந்து எடுத்த புதுக் காலணியோடு வந்திருப்பார். இன்னொருவர் காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார். சர்க்கரை நோய் உள்ள ஒருவர் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைத்திருப்பார். முதல் அரை மணி நேரம் எல்லோரும் கலகலப்பாகப் பேசிக்கொண்டே ஏறுவார்கள். பாறை வெயிலில் சுடத் தொடங்கும் நேரத்தில், அதுவரை எல்லோரையும்விட அதிகமாகப் பேசிவந்தவர் பேச்சை நிறுத்துகிறார். கல்லில் கால் வைக்கும்போது அடுத்தடுத்துத் தடுக்குகிறது. முகம் வெளிறி, தொட்டுப் பார்த்தால் தோல் ஈரமாகவும் சில்லென்றும் இருக்கிறது. கேட்டால், "ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார்.

அந்த இடத்தில் வழிகாட்டி குழு முழுவதையும் நிழலில் உட்காரவைத்து, அவருடைய பையை வாங்கிக்கொண்டு, காலைச் சற்று உயர்த்திப் படுக்கவைத்து, ஓஆர்எஸ் கரைசலைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுக்க வேண்டும். உடன் இன்னொரு பொறுப்பாளர் இல்லையென்றால், உச்சி கண்ணுக்கெதிரே தெரிந்தாலும் "இன்று இத்தோடு திரும்புகிறோம்" என்று எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருக்கும். பணம் கட்டி வந்த மற்ற 11 பேரும் முகம் சுளிப்பார்கள். அதைத் தாங்கிக்கொண்டு, யாரையும் கடிந்துகொள்ளாமல், நோயுற்றவரைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்காமல் எல்லோரையும் கீழே கொண்டுவந்து சேர்க்கும்போது உங்கள் மனத்தில் நிறைவு இருந்தால், இந்தத் தொழில் உங்களுக்கு உரியது. உச்சியைத் தொடாத வருத்தமே பெரிதாக இருந்தால், மலையை உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு உரியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதில் குறையொன்றும் இல்லை.

இதைச் சோதித்துப் பார்க்க நீங்கள் இமயமலைக்குப் போக வேண்டியதில்லை. குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழநி செல்லும் நகரத்தார் பாதயாத்திரையில் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடிக்கப்படும் ஒழுங்கைக் கூர்ந்து பார்த்திருப்பீர்கள். நடப்பவர்கள் வந்து சேரும் முன்பே சமையல் சாமானும் தண்ணீரும் அடுத்த தங்கலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். எந்த நேரத்தில் கிளம்பினால் வெயிலுக்கு முன் அடுத்த ஊரை எட்டலாம் என்பது பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த தைப்பூசத்துக்கு உங்கள் வயதொத்த வேகநடைக்காரர்களோடு போகாமல், கூட்டத்தின் கடைசி ஆளோடு நடந்து பாருங்கள். அவர் கால் கொப்புளத்துக்குக் கட்டுப்போடுங்கள், அவர் உட்காரும்போது உட்காருங்கள், அவர் வேகத்திலேயே பழநி போய்ச் சேருங்கள். மலையேற்றக் குழுக்களில் 'ஸ்வீப்' என்று சொல்லப்படும் கடைசி ஆளின் பொறுப்பு இதுதான். புதிதாகச் சேரும் ஒருவருக்கு முதலில் கொடுக்கப்படும் வேலையும் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

இனிப் படிப்புக்கு வருவோம். இந்தத் தொழிலுக்குக் கல்லூரிப் பட்டம் கட்டாயமில்லை. இந்தியாவில் இதில் நுழைய விரும்புபவர்கள் வழக்கமாக முதலில் முடிப்பது, ஏறத்தாழ நான்கு வாரம் நீளும் அடிப்படை மலையேற்றப் பயிற்சி; துறையில் இருப்பவர்கள் சுருக்கமாக 'பி.எம்.சி.' என்பார்கள். டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கப்பட்ட இமாலய மலையேற்ற நிறுவனம், உத்தரகாசியில் 1965இல் தொடங்கப்பட்ட நேரு மலையேற்ற நிறுவனம், மணாலியிலுள்ள அடல் பிகாரி வாஜ்பாய் நிறுவனம் ஆகியவை இதற்குப் பெயர் பெற்றவை. எட்மண்ட் ஹிலாரியோடு எவரெஸ்டை முதன்முதலில் தொட்ட டென்சிங் நார்கேதான் டார்ஜிலிங் நிறுவனத்தின் களப்பயிற்சிக்கு முதல் இயக்குநராக இருந்தார். பாறையேற்றம், கயிற்று முடிச்சுகள், கயிற்றில் தொங்கி இறங்குதல், உறைபனியிலும் பனிக்கட்டியிலும் நடத்தல், கூடாரமடித்தல், வரைபடம் படித்தல் ஆகியவற்றைக் கற்றுத்தந்து, முடிவில் தரம் வழங்குவார்கள். 'ஏ' கிரேடு பெற்றவர்களே அடுத்த நிலையான 'அட்வான்ஸ்டு' பயிற்சிக்குப் போக முடியும் என்பதால், ஏனோதானோவென்று போய்ச் சேராதீர்கள். இவை அரசு சார்ந்த நிறுவனங்கள் ஆகையால் கட்டணம் மிதமானது. அதனாலேயே இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடுகின்றன.

செட்டிநாட்டு வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அங்கே சோதனையாக இருப்பவை குளிரும் சுமையும். குளிருக்கு இங்கே பழக வழியில்லை, சுமைக்குப் பழகலாம். பையில் தண்ணீர்ப் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு பிரான்மலை ஏறுங்கள். முதலில் எட்டுக் கிலோ, பிறகு வாரந்தோறும் சிறிது கூட்டிப் பதினைந்து கிலோ வரை போகலாம். உச்சியை அடைந்ததும் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்கிவாருங்கள். ஏறுவதில் தசைக்குக் கிடைக்கும் பயிற்சி முழுமையாகக் கிடைக்கும். சுமையோடு இறங்குவதால் முழங்காலுக்கு ஏற்படும் தேய்மானம் இருக்காது. இந்தத் தொழிலில் இருபது ஆண்டுகள் நீடிக்க வேண்டுமானால், இப்போதிலிருந்தே முழங்காலைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

மலையேற்றப் பயிற்சியைவிடவும் முக்கியமானது முதலுதவிப் பயிற்சி என்பது என் உறுதியான கருத்து. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் செஞ்சிலுவைச் சங்கமும் நடத்தும் அடிப்படை வகுப்புகளில் முதலில் சேருங்கள். ஆனால் அந்த வகுப்புகள், ஆம்புலன்ஸ் சில நிமிடங்களில் வந்துவிடும் என்ற எண்ணத்தில் அமைந்தவை. மருத்துவமனை பல மணி நேரத் தொலைவில் இருக்கும் இடங்களுக்கென்று, 'வில்டர்னஸ் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர்' என்ற பயிற்சி தனியாக இருக்கிறது. 70 முதல் 80 மணி நேரம் வரை நீளும் அதை முசூரியிலுள்ள ஹனிஃபல் மையம் போன்ற இடங்களில் கற்றுத்தருகிறார்கள். செலவு சற்றுக் கூடுதலானாலும், எந்த வழிகாட்டியும் தவிர்க்கக் கூடாத செலவு அது. சான்றிதழை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் பக்கத்து மலைகளுக்கு உரிய ஆபத்துகளைத் தனியாகத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டுவது, கீறி இரத்தத்தை வெளியேற்றுவது, வாயால் உறிஞ்சுவது ஆகிய மூன்றுமே தீங்கானவை. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கி, 108க்குத் தகவல் கொடுத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பதே சரி. பாம்பைவிடவும் நான் அதிகமாக அஞ்சுவது மலைத்தேனீக்கு. பாறை விளிம்புகளில் பெரிய அடையாகத் தொங்கும் அந்தக் கூடுகளுக்கு அருகில் புகை, கடும் வாசனைத் திரவியம், கூச்சல், விளையாட்டாக எறியப்படும் ஒரு கல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும், ஒரு குழு முழுவதும் ஆபத்தில் சிக்கிக்கொள்ளும். ஆகையால் வழியில் எந்தப் பாறையில் தேனடை இருக்கிறது என்பதை முந்தைய நாளே ஏறிப் பார்த்துவிட்டு வருவதும் வழிகாட்டியின் வேலை.

சட்டத்தைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். 2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் போடிக்கு அருகிலுள்ள குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல் மண்டிய சரிவில் தீ மேல்நோக்கிப் பரவும்போது, அதன் அனல் மேலேயுள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திச் சூடாக்கிவிடுகிறது. சரிவு செங்குத்தாக ஆக ஆகத் தீயின் வேகம் கூடுகிறது. அந்த வேகத்தை மனிதர் ஓடி வெல்ல முடியாது. கோடையில் காய்ந்த புல்வெளியில் குழுவோடு நிற்பது எத்தகைய ஆபத்து என்பதை, வழிகாட்டியாக நினைக்கும் ஒவ்வொருவரும் அந்த நாளைக் கொண்டு புரிந்துகொள்ள வேண்டும். அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்களோடு 'ட்ரெக் தமிழ்நாடு' தொடங்கப்பட்டது. காட்டுத்தீக் காலத்தில் அந்தத் தடங்கள் மூடப்படுகின்றன. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். கட்டணம் வாங்கிக்கொண்டு பிறரையும் அழைத்துச் செல்வது அதனினும் பெரிய குற்றம். "வனக்காப்பாளர் நமக்குத் தெரிந்தவர்தான், பார்த்துக்கொள்ளலாம்" என்று யாரேனும் சொன்னால், அவரோடு தொழில் செய்யாதீர்கள்.

அந்த 40 தடங்களிலும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றிருப்பவர்கள் அந்தந்த மலைகளைச் சேர்ந்த பழங்குடி இளைஞர்களும் காட்டோரக் கிராமத்தவர்களும். அது மிகச் சரியான ஏற்பாடு என்று கருதுகிறேன். யானையின் தடம் பழையதா புதியதா என்று மண்ணைப் பார்த்தே சொல்லக்கூடிய ஒருவருக்குப் பதிலாக, எத்தனை சான்றிதழ் இருந்தாலும் நீங்களோ நானோ அங்கே முன்னால் நடக்க முடியாது. ஆகவே அந்த வேலையை எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் குழுவைத் திரட்டி, உடல்நிலை விசாரித்து, முன்பதிவு செய்து, கூடவே சென்று திரும்பும் பொறுப்பாளராக இருக்கலாம். காட்டுக்குள் முடிவெடுப்பவர் அந்த ஊர்க்காரர்.

உங்களுக்கு வேலை எங்கே இருக்கிறது என்றால், முதலாவதாக இமயமலையில். உத்தராகண்டிலும் இமாசலப் பிரதேசத்திலும் குழுக்களை நடத்தும் நிறுவனங்கள் 'ட்ரெக் லீடர்' என்ற பெயரில் ஆட்களை எடுக்கின்றன. ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் அவர்களுக்கு நெருக்கடியான பருவம். போர்ட்டர்களோடும் சமையற்காரர்களோடும் பேச இந்தி தெரிந்திருக்க வேண்டும், இன்றிலிருந்தே கற்றுக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தலைகாட்டத் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்பதால், இங்கே எத்தனை ஆண்டுகள் ஏறியிருந்தாலும் அந்த நோயைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. 3,000 மீட்டருக்கு மேல், இரவு உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. தலைவலியும் குமட்டலும் இருப்பவர் அவை தீரும் வரை மேலே ஏறக் கூடாது. நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுபவரையும், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குபவரையும், இரவென்றும் பாராமல் உடனே கீழே இறக்க வேண்டும்.

இரண்டாவது, பள்ளி மாணவர்களுக்கான வெளிப்புற முகாம்கள். வருமானம் பெரிதாக இராது. ஆனால் மனிதர்களை நடத்தக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

மூன்றாவது நம் வாசலிலேயே இருக்கிறது, அதைத்தான் யாரும் சரிவரச் செய்யவில்லை. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய வீடுகளில் வந்து தங்கும் வெளியூராரும் வெளிநாட்டாரும் வீட்டைப் பார்க்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், ஆத்தங்குடிக் கல் வாங்குகிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைக் குளிர்காலத்தில் விடியற்காலையில் நார்த்தாமலைக்கு அழைத்துச் சென்று, மேலமலைப் பாறைச் சரிவில் நிற்கும் விசயாலய சோழீசுவரம் கோயிலைக் காட்டலாம். சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளத்துக்கு ஏறி, சமணத் துறவிகளின் 17 கற்படுக்கைகளைக் காட்டலாம். சற்றுத் தள்ளி மேலூர்ப் பக்கம் போனால், 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி இருக்கிறது. அங்குள்ள குன்றுகளில் அரிய வல்லூறுகள் வாழ்கின்றன. உயரம் குறைவு, காடு அடர்த்தியில்லை, காலை உணவுக்கு விடுதிக்குத் திரும்பிவிடலாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் விளக்கம் சொல்ல அதற்குரிய உரிமம் வேண்டும் என்பதையும், கோயில் மலைகளில் நிர்வாகத்தின் இசைவு வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். கல்வெட்டு, பறவை, பாறை, வரலாறு ஆகியவற்றை நீங்கள் படித்துத் தெரிந்துகொண்டால்தான் இந்த நடைக்கு மதிப்பு. வழி மட்டும் காட்டுவதற்கு ஆள் தேவைப்படாத மலைகள் இவை.

அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது இது. இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் பெரும்பாலும் கிடையாது. நாள் கணக்கில் ஊதியம், பருவம் முடிந்தால் அதுவும் இல்லை. கால் முறிந்தால் அந்த ஆண்டு முழுவதும் வருமானம் நின்றுபோகும். எனவே வேலையை இப்போதே விடாதீர்கள். சேர்த்துவைத்த விடுப்பில் அடிப்படைப் பயிற்சியை முடியுங்கள். யூத் ஹாஸ்டல் சங்கத்தின் முகாம்களில் தன்னார்வப் பொறுப்பாளராகச் சேர்ந்து ஒரு பருவத்தைக் கழித்துப் பாருங்கள். ஓராண்டுக் குடும்பச் செலவுக்கான தொகையும், விபத்துக் காப்பீடும் கையில் இருக்கும்போது முடிவெடுங்கள். கணக்கு தெரிந்தவர் என்பது உங்களுக்குப் பெரிய பலம். சிறிய மலையேற்ற நிறுவனங்கள் பல, மலையில் தவறாமல் கணக்குப் புத்தகத்தில் தவறிவிடுகின்றன; பருவமில்லாத மாதங்களில் அந்த வேலையை நீங்கள் எடுத்துச் செய்யலாம்.

பிரிட்டனில் 'மவுன்டன் லீடர்' தகுதிக்கு விண்ணப்பிப்பவர், பயிற்சிக்கு முன் தரமான 20 மலை நாள்களையும், தேர்வுக்கு முன் 40 மலை நாள்களையும் பதிவேட்டில் காட்ட வேண்டும். சென்றுவந்த பாதையிலேயே திரும்பத் திரும்பப் போவது அங்கே மதிப்புப் பெறாது. புதிய நிலப்பரப்பு, மாறுபட்ட வானிலை, சொந்தமாகத் திட்டமிட்ட வழி என்று இருக்க வேண்டும். இங்கே உங்களை யாரும் அப்படிக் கேட்கப்போவதில்லை. ஆனாலும் அத்தகைய ஒரு பதிவேட்டை இன்றே தொடங்குங்கள். தேதி, வழி, வானிலை, உடன் வந்தவர்கள், எடுத்த முடிவுகள் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எழுதிவைத்தால், நாளை உங்களை நேர்காணும் நிறுவனத்தின் முன் வைக்க அதைவிட நல்ல சான்று வேறில்லை.

கேள்வி: என் மகள் உடற்கல்வியில் பட்டம் முடித்திருக்கிறாள். இமயமலையில் வழிகாட்டியாகப் போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது என்று எனக்குத் தூக்கமே வருவதில்லை.
- தாய், தேவகோட்டை

பதில்: அம்மா, உங்கள் மகள் போகும் வழியில் முன்னால் நடந்தவர்கள் இருக்கிறார்கள். 1984இல் எவரெஸ்டை எட்டிய முதல் இந்தியப் பெண்ணான பச்சேந்திரி பால், உத்தரகாசியிலுள்ள நேரு நிறுவனத்தில் பயிற்சி பெற்றவர். நம் அண்டை மாவட்டமான விருதுநகரைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023இல் எவரெஸ்ட் ஏறினார். பயிற்சி நிறுவனங்களில் பெண்களுக்கென்றே தனி வகுப்புகளும் நடைபெறுகின்றன. முதலில் அப்படியொரு வகுப்பில் சேரட்டும். பெண்களும் குழந்தைகளும் வரும் குழுக்களில் ஒரு பெண் வழிகாட்டி இருப்பதை இப்போது பலரும் விரும்பிக் கேட்கிறார்கள். மாதவிடாய் நாள்களின் சிரமத்தையும் கழிப்பிடத் தேவையையும் ஆண் வழிகாட்டியிடம் சொல்லத் தயங்கித் தண்ணீரே குடிக்காமல் நடந்து மயங்கி விழும் பெண்கள் இருக்கிறார்கள். உங்கள் மகள் கூட இருந்தால் அது நேராது.

உங்கள் கவலைக்கு உரிய இடம் மலையைவிட வேலை கொடுக்கும் நிறுவனம்தான். சேருமுன் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள். முகாமில் பெண் ஊழியர்களுக்குத் தனிக் கூடாரம் உண்டா? குழுவில் அவளைத் தவிர இன்னொரு பெண் ஊழியர் இருப்பாரா? பாலியல் தொல்லை குறித்த புகாரை விசாரிக்கச் சட்டப்படி அமைக்க வேண்டிய உள்ளகக் குழு இருக்கிறதா? தகவல் தொடர்பு இல்லாத இடங்களில் அவசரச் செய்தி எப்படி அனுப்புவார்கள்? முன்பு அங்கே வேலை பார்த்த பெண் ஒருவரோடு பேச ஏற்பாடு செய்வார்களா? இவற்றுக்கு நேரான பதில் தரும் இடத்துக்கு அனுப்புங்கள். மழுப்பும் இடத்துக்கு, சம்பளம் எவ்வளவு சொன்னாலும், அனுப்பாதீர்கள்.

கேள்வி: கைப்பேசியிலேயே வழி காட்டும் செயலிகள் வந்துவிட்டன. இனியும் காகித வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது அவசியமா?
- கல்லூரி மாணவர், புதுவயல்

பதில்: அவசியம். கைப்பேசியைப் பயன்படுத்துங்கள், வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். ஆனால் குளிரில் பேட்டரி வேகமாகத் தீரும், மழையில் திரை கைக்கு அடங்காது. 1767இல் தொடங்கப்பட்ட இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாள்களில், ஒரு சென்டிமீட்டர் தரையில் 500 மீட்டரைக் குறிக்கும். சமவுயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டர் இடைவெளியில் வரையப்பட்டிருக்கும். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சமதளம். பிரான்மலைப் பகுதித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மலையின் எதிரே நின்று, தாளிலுள்ள ஒவ்வொரு வளைவையும் மலையில் அடையாளம் காண முயலுங்கள். ஒரு காலைப்பொழுதில் பாடம் பிடிபட்டுவிடும்.

நேரக் கணக்கையும் அதிலிருந்தே போடலாம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நைஸ்மித் 1892இல் வகுத்த விதிப்படி, ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக இன்னொரு மணி நேரம். பத்துக் கிலோமீட்டர் தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள வழிக்கு மூன்று மணி நேரம் ஆகும். அது குளிர்நாட்டில் நன்கு பழகியவரின் வேகம். நம் வெயிலுக்கும், புதியவர்கள் உள்ள குழுவுக்கும் அதில் பாதியாவது கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். வயது 48. நடப்பதில் இன்னும் எனக்குத் தளர்ச்சி இல்லை. இந்த வயதில் வழிகாட்டியாக முடியுமா?
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: முடியும்; ஆனால் மேலே 27 வயது வாசகருக்குச் சொன்ன வழி உங்களுக்குப் பொருந்தாது. அடிப்படை மலையேற்றப் பயிற்சிக்கான வயது வரம்பு, நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது மாறினாலும், பொதுவாக நாற்பதையொட்டி முடிந்துவிடுகிறது. அதற்காக வருந்த வேண்டாம். நான் மூன்றாவதாகச் சொன்ன உள்ளூர் நடைகளுக்கு உங்களைப் போன்றவர்களே பொருத்தம். பல நாட்டவரோடு பழகியிருக்கிறீர்கள், ஆங்கிலம் தடையில்லாமல் வரும், வீட்டுக்கு ஒவ்வொரு மாதமும் பணம் வந்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியும் ஒருவேளை குறைவாக இருக்கலாம். மருத்துவரிடம் இதயப் பரிசோதனை செய்துகொண்டு, முதலுதவிச் சான்றிதழ் பெறுங்கள். சுற்றுலா அமைச்சகம் இணையவழியில் நடத்தும் வழிகாட்டிப் பயிற்சியையும் பாருங்கள்.

தொடக்கத்துக்கு மலையே வேண்டாம். திருப்பத்தூர் அருகிலுள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தின் கண்மாய்க் கரையில் நடக்கலாம். பறவைகள் அஞ்சிவிடக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்களின் வழக்கத்தை வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். சொல்வதற்கு முன் அந்த ஊர்ப் பெரியவர்களைப் பார்த்துப் பேசி, அவர்கள் ஊருக்கு விருந்தினரை அழைத்துவர இசைவு கேளுங்கள். வருகிறவர்கள் தேநீரையும் காலை உணவையும் அந்த ஊரிலேயே காசு கொடுத்துச் சாப்பிடும்படி ஏற்பாடு செய்யுங்கள். முதலில் உறவினரையும் நண்பரையும் கட்டணமில்லாமல் அழைத்துச் சென்று, எந்த இடத்தில் அவர்கள் சலித்துப்போனார்கள், எங்கே உட்கார இடம் கேட்டார்கள், எவ்வளவு தண்ணீர் செலவானது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரையே இதற்கு ஏற்ற பருவம். இந்தப் பருவத்துக்குள் முதலுதவி வகுப்பு முடியாவிட்டால் கட்டணம் வாங்குவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.